எட்டிலிருந்து எட்டுக்கு

சராசரி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது. யாராவது டிவியில் வந்து உட்கார்ந்து, பத்து வருடச் சராசரியோடு ஒப்பிட்டால் இந்தப் பங்கு பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று வாய் இனிக்கச் சொன்னால், கையில் இருக்கும் தம்ளரைத் திரையில் எறியத் தோன்றுகிறது. இதுவரை எறிந்ததில்லை. டிவி என் காசில் வாங்கியது.

நான் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தில் ஆய்வாளர். வங்கிப் பங்குகள் என் பொறுப்பு. ஒரு வங்கிப் பங்கின் விலை நியாயமா அநியாயமா என்று பார்த்து எழுதுவதற்குத்தான் சம்பளம். அதற்கு நாங்கள் போடும் முதல் கணக்கு ரொம்பச் சாதாரணமானது. பங்கின் விலையை, அந்த ஒரு பங்குக்கு ஒரு வருடத்தில் விழுந்த லாபத்தால் வகுக்க வேண்டும். வருகிற எண்ணைப் பி.இ. என்போம். எட்டு என்று வந்தால், ஒரு காசு லாபத்துக்கு எட்டு காசு விலை கொடுக்கிறோம் என்று பொருள். போன வருடங்களில் அதே எண் எவ்வளவு இருந்தது என்று பார்த்தால், இன்றைய விலை கூடவா குறைவா என்று ஒரு குத்துமதிப்பு கிடைக்கும். குத்துமதிப்புதான். அதை வேதவாக்கு போல விற்கிறவர்கள் மேல்தான் எனக்கு ஆத்திரம்.

ஒரு வங்கியைப் பற்றி அறிக்கை எழுத உட்கார்ந்தேன். அதன் பி.இ. அன்றைக்கு எட்டு. பத்து வருடக் கணக்கை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒன்பது வருடங்களில் ஏறக்குறைய எட்டுதான்; கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே. ஒரே ஒரு வருடம் மட்டும் எண்பத்தெட்டு. அந்த வருடம் பங்கு ஒன்றும் தங்கமாக மாறிவிடவில்லை. கொடுத்த கடன்கள் திரும்பி வராது என்று வங்கி ஒருவழியாக ஒப்புக்கொண்டு, அதற்குப் பணம் ஒதுக்கியதில் லாபம் மண்ணோடு மண்ணாகப் போனது. லாபம் துளியூண்டு ஆனால் அதைக் கொண்டு வகுத்து வரும் எண் வானத்துக்கு ஏறும். அவ்வளவுதான் விஷயம். அந்த எண்பத்தெட்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் பதினாறு வரும். பதினாறு எங்கே, எட்டு எங்கே, அடடா பாதி விலை! இப்படித்தான் ஊரை ஏமாற்றுகிறார்கள்.

இதோடு போகவில்லை. இன்றைக்கு எட்டு என்று காட்டுகிற கடைசி வருட லாபத்தில் கணிசமான பகுதி, வங்கி தன் தலைமை அலுவலகக் கட்டடத்தை விற்ற காசு. அதைக் கழித்துவிட்டு வகுத்தால் பி.இ. எட்டு இல்லை, பதின்மூன்று. அதாவது, எப்போதும் எட்டுக்கு விற்கிற சரக்கைப் பதின்மூன்றுக்குத் தலையில் கட்டுகிறார்கள். நான் அறிக்கையில் அப்படியே எழுதினேன். விலை அதிகம், வாங்க வேண்டாம் என்று கடைசி வரியும் போட்டேன்.

மறுநாள் ஆய்வுப் பிரிவின் தலைவர் கூப்பிட்டார். அவருக்கு அலுவலகத்தில் மெத்தை என்று பேர். குரல் அப்படி. அவர் பேச்சில் ஒரு தடவை உட்கார்ந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும், எழுந்திருப்பது கஷ்டம்.

"ஏம்மா, பத்து வருஷத்துல ஒரு வருஷத்த மட்டும் தூக்கி எறிஞ்சிருக்கியே, அது நேர்மையா?" என்றார்.

"சார், அந்த வருஷம் வகுக்கறதுக்கு லாபமே இல்ல. அந்த எண்பத்தெட்டுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது."

"நடந்தது நடந்ததுதானேம்மா. நடந்தத நாம மறைக்கலாமா? பத்து வருஷம்னா பத்தும் இருக்கணும்."

நேர்மையைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறார்! அதுவும் யார்? அந்த வங்கி அடுத்த மாதம் புதிதாகப் பங்கு வெளியிடப் போகிறது, அதை விற்றுக்கொடுக்கும் வேலை எங்கள் நிறுவனத்துக்கு வந்திருக்கிறது என்று மாடிப்படி கூட்டுகிறவருக்குக்கூடத் தெரியும்.

"அப்போ அந்தக் கட்டடம்? தலைமை அலுவலகத்த வருஷாவருஷம் விக்க முடியுமா சார்? அடுத்த வருஷம் எத விப்பாங்க, வாசக்கதவையா?"

மெத்தை சிரித்தார். "ரொம்ப சூடா இருக்கே. கொஞ்சம் தண்ணி குடி."

"எனக்குத் தண்ணி வேண்டாம். நீங்க மாத்தறதா இருந்தா மாத்திக்குங்க. என் பேர எடுத்துடுங்க."

"சரிம்மா. நீ சொன்னா சரி."

அந்த 'சரிம்மா'வை நம்பி எழுந்து வந்தேன். இரண்டு நாள் கழித்து அறிக்கை அச்சாகி வாடிக்கையாளர்களுக்கெல்லாம் போனது. தலைப்பு: 'பத்தாண்டுச் சராசரியில் பாதி விலை.' கீழே, கொட்டை எழுத்தில் என் பேர். ஒரு வருட லாபம் வழக்கத்துக்கு மாறானது என்று கடைசிப் பக்கத்தின் காலடியில் கடுகு கடுகாக ஒரு குறிப்பு.

கதவைத் தட்டாமல் உள்ளே போனேன். கத்தினேன். வெளியே இருந்தவர்கள் எல்லோரும் கணினியைப் பார்ப்பது போல நடித்துக்கொண்டு காதைத் தீட்டினார்கள்.

"வங்கித்துறைக்கு நீதானேம்மா ஆளு," என்றார் மெத்தை, முகம் மாறாமல். "பேர் போடலேன்னா விதிமீறல் ஆயிடும். உனக்காகத்தான் அடிக்குறிப்பு போடச் சொன்னேன்."

விதிகளைக் கண்காணிக்கும் அதிகாரிக்கு எழுதினேன். 'தங்கள் கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று ஒரு வரி வந்தது. கவனத்தில் கொண்டுபோய் எங்கே வைத்தார்களோ.

இந்தச் சண்டையில் நான் கொதித்துக்கொண்டிருந்தபோதுதான் அப்பா போன் செய்தார்.

எங்கள் போனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அலுவலகத்துக்குள் நுழையும்போதே கைப்பேசியை வாசலில் உள்ள பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். மேசையில் இருக்கும் போனில்தான் பேசலாம். அதில் பேசும் ஒவ்வொரு சொல்லும் பதிவாகும். இது அப்பாவுக்குப் பெரிய வேடிக்கை. "ரெக்கார்டு பண்றவங்களுக்கு மொதல்ல வணக்கம்," என்று சொல்லிவிட்டுத்தான் என்னிடம் பேசவே ஆரம்பிப்பார். நான் எழுதும் பங்குகளை வீட்டு மனிதர்கள் வாங்கக்கூடாது என்று இன்னொரு விதியும் உண்டு. அதை அவருக்குப் பலமுறை அதே போனில் சொல்லியிருக்கிறேன். "வாங்கல, வாங்கல. ஐயா, நல்லா பதிவு பண்ணிக்குங்க," என்பார்.

அன்றைக்கும் வணக்கம் சொன்னார். குரலில் ஒரே குதூகலம். "உன் பேர பாத்தேம்மா! மாமாவுக்கு வந்திருக்கு. எவ்ளோ பெருசா போட்டிருக்காங்க! பாதி விலைன்னு எழுதியிருக்கியே."

"அப்பா, அத வாங்காதீங்க."

"தெரியும்மா, தெரியும்."

"இல்லப்பா, நிஜமா சொல்றேன். அந்தப் பங்கு வேண்டாம்."

"நீ நிஜமாத்தான் சொல்றே. நான் கேட்டுக்கிட்டேன். அவங்களும் கேட்டுக்கிட்டாங்க. வாங்கல, போதுமா?" சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

காரணத்தைச் சொல்ல வாய் வரை வந்தது. நிறுவனமே விற்கிற பங்கை வேண்டாம் என்று, நிறுவனத்தின் போனில், சொந்த அப்பாவிடம் சொன்னதே அதிகம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அப்பாதான் வாங்கவில்லை என்று சொல்லிவிட்டாரே.

நாலு மாதம் ஓடியது. அப்பாவும் அம்மாவும் இருபது வருடத்துக்கு மேலாக ஒரே வாடகை வீட்டில் இருக்கிறார்கள். வீட்டுக்காரருக்கு வயதாகிவிட்டது; விற்கப் போகிறேன், முதலில் உங்களுக்குத்தான் கேட்கிறேன் என்று அவகாசம் கொடுத்திருந்தார். அப்பாவின் ஓய்வுப் பணம் முன்பணத்துக்குச் சரியாக இருக்கும். மிச்சத்துக்கு என் பேரில் வீட்டுக்கடன். மாதத் தவணை நான் கட்டுவதாகப் பேச்சு. குளியலறைச் சுவர் ஊறி உப்பியிருக்கும், மாடிக் குழாயில் தண்ணீர் இழுத்துப் பறித்துக்கொண்டு வரும். இருந்தாலும் அது எங்கள் வீடு. ஹாலின் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் அம்மாவைத் தவிர யாரும் உட்கார மாட்டோம்.

கடனுக்கான சம்பளச் சான்றுகளை எடுத்துக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். அதற்கு முந்தின வாரம்தான் அந்த வங்கியின் அடுத்த ஆண்டுக் கணக்கு வந்திருந்தது. விற்க இன்னொரு கட்டடம் இல்லாத கணக்கு. லாபம் நான் சொன்ன இடத்துக்கே வந்து நின்றது. நூற்றுக்கு நாற்பது வீதம் விலை சரிந்தது. நான் நினைத்தது சரியாகிப்போனதில் உள்ளுக்குள் எனக்கு ஒரு திமிர்கூட இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அப்பா சான்றுகளை வாங்கவில்லை. "முன்பணம் இப்ப இல்லம்மா," என்றார்.

"இல்லேன்னா?"

அம்மா சமையலறையிலிருந்து வந்து ஈரக்கையோடு நின்றாள். "சொல்லிடுங்க. எத்தன நாள் மூடி வெப்பீங்க?" என்றாள்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, டயர் கடை வைத்திருப்பவர். அவர் பேரில், முழுப் பணத்துக்கும், அந்த வங்கியின் புதுப் பங்கு வாங்கியிருந்தார்கள்.

கையிலிருந்த சான்றுகளை மேசையில் போட்டேன். பிறகு என் குரலே எனக்குக் கேட்டது. "வேண்டாம்னு சொன்னேனேப்பா! போன்ல ரெண்டு தடவ சொன்னேனே!"

"ஆபீஸ் போன்ல நீ வேற என்ன சொல்ல முடியும்?" அப்பா என்னைப் பாவமாகப் பார்த்தார். "ரெக்கார்டு ஆகுதேன்னுதான் அப்படிச் சொல்றேன்னு நெனச்சேன். எப்பவும் சொல்றதுதானே. அதனாலதான் மாமா பேர்ல போட்டோம். உனக்குப் பிரச்சன வரக்கூடாதேன்னு."

"அப்போ நான் வாயால சொன்னது பொய், அவன் அச்சுல போட்டது நெசமா?"

"அச்சு இல்லியாம்மா," என்றார்.

அப்பா வாழ்நாளெல்லாம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவராக இருந்தவர். அங்கே ஒரு பழக்கம். எந்தத் தாளும் மூன்று பேர் படித்துக் கையெழுத்துப் போடாமல் இயந்திரத்துக்குப் போகாது. கல்யாணப் பத்திரிகை ஆனாலும் சரி, மருந்து லேபிள் ஆனாலும் சரி. அச்சில் வந்துவிட்டால் அது மூன்று ஜோடிக் கண் பார்த்தது என்று அவருக்கு ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. அதுவும் மகள் பேர் போட்ட தாள்.

"பாதி விலைன்னு போட்டிருந்துதே. சராசரிக்கு வந்தாலே ரெண்டு மடங்கு ஆயிடும்னு கணக்குப் போட்டேன். கடனே வாங்காம வீட்ட வாங்கிடலாம், நீ இருபது வருஷம் தவண கட்ட வேணாம்னு..." முடிக்கவில்லை.

என்னைக் காப்பாற்றத்தான் இவ்வளவும். அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல. அவர் மேலா, மெத்தை மேலா, என் மேலா என்று பிரித்துப் பார்க்க முடியாத கோபம்.

"என்னப்பா சராசரி, பொல்லாத சராசரி! நாலு வருஷம் முன்னாடி அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்ததே, அந்த மாசம் எவ்ளோ செலவாச்சு? சாதாரண மாசத்தவிட பதினோரு மடங்கு. அதையும் சேத்து பத்து மாசத்துக்குச் சராசரி எடுத்தா, மாசச் செலவு ரெட்டிப்பா தெரியும். அத வெச்சுக்கிட்டு, இந்த மாசம் பாதிதான் செலவாச்சு, நமக்கு லாபம்னு யாராவது சொன்னா ஒத்துப்பீங்களா?"

அப்பா வாயைத் திறக்குமுன் அம்மா சொன்னாள். "அப்படிப் பாத்தா நான் பத்து மாசமும் ஆஸ்பத்திரியிலயே கெடந்த மாதிரில்ல ஆகுது?"

"அதேதாம்மா! அதேதான்! அந்த மாதிரி ஒரு வருஷத்த வெச்சுத்தான் ஊர் பூரா கண்ணுல மண்ணத் தூவியிருக்கான்."

அப்பா எழுந்து அலமாரியிலிருந்து அந்த அறிக்கையை எடுத்து வந்தார். மாமாவிடம் கேட்டு வாங்கி, கசங்காமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பக்கத்தின் காலடியில் இருந்த அந்தக் கடுகு எழுத்துகளை விரல் வைத்துப் படித்தார். ஒருமுறை படித்துவிட்டு இன்னொரு முறை படித்தார். எந்தத் தாளிலும் அடிக்குறிப்பைத்தான் முதலில் படிக்க வேண்டும், அங்கேதான் பிழை ஒளிந்திருக்கும் என்று எனக்குச் சின்ன வயதில் சொன்னவர் அவர்தான்.

"உன் பேர பாத்த சந்தோஷத்துல இத படிக்காம விட்டுட்டேன்," என்றார். "அங்க ரெண்டு பேர் பாக்காம விட்டிருப்பாங்கன்னே வெச்சுக்கோ. மூணாவது ஆளு நான்தானே. நான் பாத்திருக்கணும்."

என்னைத் திட்டியிருக்கலாம். எங்க தலையில மண்ண அள்ளிப் போட்டுட்டியே என்று நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் பழியைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொண்டு, தாளை மறுபடியும் உறைக்குள் கவனமாகச் செருகினார். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. சான்றுகளை மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்து, பஸ் வருவதற்குள் அழுது முடித்தேன்.

அடுத்த வாரமே வீட்டுக்காரர் வேறு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். புருஷனும் பெண்டாட்டியும் சுவருக்குச் சுவர் டேப்பை இழுத்து அளந்தார்கள். ஜன்னலை அளக்க வேண்டும் என்றதும் அம்மா அவள் நாற்காலியை அவளே நகர்த்திக்கொடுத்துத் திரைச்சீலையையும் விலக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் நல்ல மனிதர்கள்தான். அப்பா அவர்களுக்கு மாடிக் குழாயை எப்படித் திறக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததாக அம்மா சொன்னாள். எனக்கு மெத்தையின் கழுத்தை நெரிக்க வேண்டும் போல இருந்தது.

திங்கட்கிழமை காலை மெத்தையே என் மேசைக்கு வந்தார். கையில் அந்த வங்கியின் புதுக் கணக்கு.

"பாத்தியாம்மா? விலை நல்லா எறங்கியிருக்கு. பி.இ. என்ன வருது?"

அது எனக்கு மனப்பாடம். லாபம் குறைந்த அளவுக்கு விலையும் குறைந்திருந்தது. "எட்டு," என்றேன்.

"அதான்! இன்னும் எட்டுதான். சராசரியில இன்னும் பாதி விலைதான். நாம சொன்னதுல ஒண்ணும் மாறல. அதே அறிக்கைய தேதி மாத்திப் போட்டுடு."

எட்டில் வாங்கினார் அப்பா. இன்றைக்கும் எட்டு. கோட்டுப்படத்தில் பார்த்தால் ஒரு சலனமும் இல்லாமல் நேர்கோடாக இருக்கும். அந்த எட்டுக்கும் இந்த எட்டுக்கும் நடுவில் ஒரு வீடு போயிருக்கிறது. அந்தக் கோட்டில் அது தெரியாது. இவருக்கும் தெரியாது. தெரிந்தாலும், நடந்தது நடந்ததுதானேம்மா என்பார்.

நான் அவரிடம் கத்தவில்லை. கத்தினால் தண்ணீர் குடிக்கச் சொல்வார். போனை எடுத்தேன்.

"யாருக்கும்மா?" என்றார்.

பதில் சொல்லாமல் வீட்டு எண்ணை அழுத்தினேன். அப்பாதான் எடுத்தார். நான் ஆபீஸிலிருந்து பேசுகிறேன் என்றதும் தயங்கினார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் இந்த எண்ணுக்கு வணக்கம் சொல்வதை விட்டுவிட்டார்.

அதனால் நானே சொன்னேன். "ரெக்கார்டு பண்றவங்களுக்கு மொதல்ல வணக்கம்."

மெத்தையின் சிரிப்பு அப்படியே நின்றது.

"அப்பா, இது பதிவாகற போனு. பதிவாகணும்னுதான் இதுல பேசறேன். நாலு மாசத்துக்கு முன்னாடி என் பேர் போட்டு வந்த அந்த அறிக்கை தப்பு. தப்புன்னு நான் எழுதிக் கொடுத்தேன். தெரிஞ்சே மாத்தினாங்க. என் பேர வேண்டாம்னு சொன்னேன், தெரிஞ்சே போட்டாங்க. மாத்தினவர் இப்ப என் பக்கத்துல நிக்கறார். இப்பவும் அதையே தேதி மாத்திப் போடச் சொல்றார்."

"போன வையி," என்றார் மெத்தை. குரலில் பஞ்சு போய்விட்டிருந்தது. "உனக்கு வேல வேணுமா வேண்டாமா? போன வைம்மா!"

அதுவும் பதிவானது. பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் இந்தத் தடவை கணினியைப் பார்ப்பது போல நடிக்கவில்லை.

மறுமுனையில் நாற்காலியை இழுத்துப் போடுவது கேட்டது. பிறகு அப்பா, அந்த அச்சகத்தில் யாராவது வாசிக்க அவர் மூலப்பிரதியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும்போது பேசுவாரே, அதே குரலில் பேசினார்.

"அவசரப்படாதம்மா. மொதல்லேருந்து நிறுத்தி நிதானமா சொல்லு. ஒரு எழுத்தும் விடாத."

நான் முதலிலிருந்து சொன்னேன்.